சிறுவர்கள் பாடிய அபூர்வ சோல், ஃபங்க் இசைத்தட்டுகள்: தேடுவதிலிருந்து கேட்பது வரை முழு வழிகாட்டி

1970 ஜனவரியில் ஜாக்சன் 5 குழுவின் ‘ஐ வான்ட் யூ பேக்’ அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. முன்னால் நின்று பாடிய மைக்கேல் ஜாக்சனுக்கு அப்போது 11 வயது. அதே ஆண்டில் அவர்களுடைய அடுத்த மூன்று சிங்கிள்களும் (தனிப்பாட்டுத் தட்டுகள்) வரிசையாக முதலிடத்துக்குப் போயின. அதைப் பார்த்த பிறகு அமெரிக்கக் கறுப்பினக் குடியிருப்புகளில் எத்தனையோ அப்பாக்களும் மாமாக்களும் வாத்தியார்களும், “நம்ம பிள்ளைகளும் பாடுதே” என்று மைக்குக்கு முன்னால் குழந்தைகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஊர் ஸ்டூடியோ ஒன்றில் பதிவு, சில நூறு தட்டுகள், பள்ளிக்கூடத்திலும் தேவாலய வாசலிலும் விற்பனை, உள்ளூர் ரேடியோவில் சில வாரம் ஒலிபரப்பு. பெரும்பாலானவற்றின் கதை அத்தோடு முடிந்தது. விற்காமல் மீந்த பெட்டிகள் பரணுக்குப் போயின, இல்லையென்றால் குப்பைக்கு.

இன்று சேகரிப்பவர்கள் ‘கிட் சோல்’, ‘கிட் ஃபங்க்’ என்று தேடி அலைவது இந்தத் தட்டுகளைத்தான். சோல், ஃபங்க் இரண்டும் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசை வகைகள், ‘கிட்’ என்றால் குழந்தை. இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே யோசனையைச் சுற்றித்தான் வரும்: குழந்தையைத் தேடாதீர்கள், குழந்தைக்குப் பின்னால் நின்ற பெரியவரைத் தேடுங்கள். பத்து வயதுப் பையன் ஸ்டூடியோவுக்குப் பணம் கட்டுவதில்லை, தட்டு அச்சடிக்க ஆர்டர் கொடுப்பதில்லை, பாட்டுக்கு உரிமைப் பதிவும் செய்வதில்லை. இதையெல்லாம் செய்தவர் எங்காவது தன் பெயரை விட்டுப் போயிருப்பார். குழந்தையின் தடம் அழிந்துபோன இடத்திலும் பெரியவரின் தடம் கிடைக்கும்.

படி 1: முதலில் காதைப் பழக்குங்கள்

அசல் தட்டுக்குப் பணம் போடும் முன், மறுவெளியீடுகளை நிறையக் கேளுங்கள். சிகாகோவின் நியூமரோ குரூப் 2007-ல் ‘ஹோம் ஸ்கூல்டு: தி ஏபிசீஸ் ஆஃப் கிட் சோல்’ என்ற தொகுப்பை வெளியிட்டது. இந்த வகைக்கு அதைவிட நல்ல அரிச்சுவடி கிடையாது. ஆல்டைரோன் டீனோ பிரவுன் பாடிய ‘ஸ்வீட் பீ’, சிகாகோவின் எய்ட் மினிட்ஸ் குழு பாடிய ‘ஹியர்ஸ் சம் டான்சஸ்’ எல்லாம் அதில் இருக்கின்றன. பள்ளி இசைக்குழுக்கள் பிடிக்கும் என்றால் நவ்-அகெய்ன் நிறுவனம் 2006-ல் கொண்டுவந்த, ஹூஸ்டன் பள்ளிக் குழுவான காஷ்மியர் ஸ்டேஜ் பேண்டின் தொகுப்பைக் கேளுங்கள்.

கேட்கும்போது இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பழகுங்கள். குரல் மட்டும் குழந்தையுடையதா, வாத்தியமும் குழந்தைகள் வாசித்ததா? முதல் வகையில் பின்னணி கனகச்சிதமாக இருக்கும். டிரம்ஸ் அடிப்பவர் கூலிக்கு வந்த கைதேர்ந்தவர், குழந்தை அதன் மேல் ஏறிப் பாடுகிறது, அவ்வளவுதான். இரண்டாம் வகையில் தாளம் கொஞ்சம் முன்னே ஓடும், பேஸ் கிட்டார் ஒரு கட்டத்தில் தயங்கும், கோரஸ் வரும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தத்தைக் கூட்டுவார்கள். என் கணக்கில் இரண்டாம் வகைக்குத்தான் மதிப்பு அதிகம். சந்தையும் பல சமயம் அப்படித்தான் நினைக்கிறது.

அசல் தட்டு ஒன்றையாவது கையில் வைத்துப் பழக வேண்டும் என்றால், அபூர்வமான ஒன்றில் தொடங்க வேண்டாம். ஃபாஸ்டர் சில்வர்ஸ் 11 வயதில் பாடிய ‘மிஸ்டிமீனர்’ பிரைடு என்ற லேபிளில் (தட்டு வெளியிடும் கம்பெனி) 1973-ல் வந்து நன்றாக விற்றது. இன்றும் சுலபமாகக் கிடைக்கிறது. பாட்டை எழுதியது அவருடைய அண்ணன் லியான் சில்வர்ஸ். 1989-ல் ‘தி டி.ஓ.சி.’ என்ற பாடகர் தன் ராப் பாட்டுக்கு இதைத்தான் அடித்தளமாக எடுத்துக்கொண்டார். நல்ல தட்டுதான், ஆனால் அபூர்வமில்லை. அந்த வித்தியாசம் முதலில் புரிந்துவிட்டால் பணம் மிச்சம்.

படி 2: எந்த வகைப் பெரியவர் என்று பாருங்கள்

என் அனுபவத்தில் இந்தத் தட்டுகளை நான்கு கூட்டமாகப் பிரித்துக்கொண்டால் தேடல் எளிதாகிறது. பிரிப்பது பிள்ளைகளின் வயதை வைத்து அல்ல, பின்னால் இருந்தவரை வைத்து.

முதலாவது, அப்பா. இண்டியானா மாநிலத்தின் கேரி என்ற இரும்பாலை ஊரில் ஜோ ஜாக்சன் தன் பையன்களை ஒத்திகை பார்க்க வைத்த கதை எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்பே சிகாகோவில் கிளாரன்ஸ் பர்க் என்ற போலீஸ் துப்பறிவாளர் தன் ஐந்து பிள்ளைகளை ஃபைவ் ஸ்டேர்ஸ்டெப்ஸ் என்று மேடையேற்றிவிட்டார். கர்டிஸ் மேஃபீல்டின் விண்டி சி லேபிளில் 1966-ல் அவர்களுடைய தட்டு வந்தது. மேனேஜர் வேலையையும் அப்பாவே பார்த்தார், சமயத்தில் பேஸும் வாசித்தார். இந்த இரண்டும் பெரிய பெயர்கள். இதே அச்சில் வார்த்த, ஊரை விட்டு வெளியே போகாத குடும்பக் குழுக்கள்தான் நமக்கு வேண்டியவை. ஓக்லஹோமா சிட்டியின் ‘ஜூனியர் அண்ட் ஹிஸ் சோலெட்ஸ்’ அப்படி ஒன்று. ஒரு பையனும் அவன் சகோதரிகளும் வாசித்துப் பாடிய ‘சைக்கோடெலிக் சவுண்ட்ஸ்’ எல்பி (பல பாட்டுகள் உள்ள பெரிய தட்டு) 1971-ல் வந்தது. ‘சைக்கடெலிக்’ என்று இருக்க வேண்டும், தலைப்பிலேயே எழுத்துப் பிழை. ஊசியை வைத்த சில நொடிகளில் தெரிந்துவிடும், இதில் எந்த ஸ்டூடியோ வித்தகரும் இல்லை, பிள்ளைகள் தாங்களாகவே வாசிக்கிறார்கள் என்று. அந்தப் பச்சைத்தன்மைக்காகத்தான் சேகரிப்பவர்கள் அதற்கு உயிரை விடுகிறார்கள்.

இரண்டாவது, வாத்தியார். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ‘ஸ்டேஜ் பேண்ட்’ என்ற ஜாஸ் குழு இருப்பது வழக்கம். ஹூஸ்டனின் காஷ்மியர் உயர்நிலைப் பள்ளியில் கான்ராட் ஜான்சன் அந்தக் குழுவுக்கு ஆசிரியர். 1967-ல் சோல் பாடகர் ஓடிஸ் ரெடிங்கின் நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு வந்தவர், பழைய ஸ்விங் பாட்டுகளோடு நிற்காமல் மாணவர்களை ஃபங்க் வாசிக்க வைத்தார், மேடையில் ஆடவும் வைத்தார். தட்டுகளை வெளியிட்டதும் அவர்தான். 2008-ல் அவர் 92 வயதில் காலமானார். அதற்குச் சில நாட்கள் முன்புதான், தலை நரைத்த பழைய மாணவர்கள் ஒன்றுகூடி அவர் முன்னால் வாசித்திருந்தார்கள். இந்தக் கூட்டத்தில் ஒரு சௌகரியம் உண்டு. மாணவர்கள் படித்து முடித்து வெளியேறுவார்கள், வாத்தியார் இருப்பார். ஆகவே ஒரு பள்ளியின் ஒரு தட்டு நன்றாக இருந்தால், அதே ஆசிரியர் இருந்த முந்தைய பிந்தைய ஆண்டுத் தட்டுகளையும் தேட வேண்டும். ஆசிரியர் மாறிய ஆண்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மூன்றாவது, தொண்டர். தேவாலயம், சமூகக்கூடம், ஏழைப் பிள்ளைகளுக்கான அரசுத் திட்டம் என்று ஏதாவது ஒன்றின் கீழ் உருவான குழுக்கள். நியூயார்க்கின் வாய்சஸ் ஆஃப் ஈஸ்ட் ஹார்லெம் 1970-ல் எலெக்ட்ரா லேபிளில் எல்பி வெளியிட்டு, 1971-ல் கானா நாட்டு மேடை வரை போனார்கள். கிழக்கு செயின்ட் லூயிஸின் யங் டிசைப்பிள்ஸ் குழுவை ஆலன் மெரி ஒரு சமூகக்கூடத்தில் வளர்த்தார். அவர்களுடைய பாட்டுகளும் நியூமரோ வழியாக மறுபடி கிடைக்கின்றன.

நான்காவது, வியாபாரி. லேபிள்காரர் ஒருவர் துடிப்பான குரலைக் கண்டுபிடித்து, தன்னிடம் இருக்கும் பாட்டையும் வாத்தியக்காரர்களையும் கொடுத்துப் பதிவு செய்வார். சில்வியா ராபின்சனின் ஆல் பிளாட்டினம் நிறுவனம் கிளீவ்லாந்தின் ‘பொண்டரோசா ட்வின்ஸ் ப்ளஸ் ஒன்’ குழுவை ஹொரோஸ்கோப் என்ற துணை லேபிளில் 1971-ல் வெளியிட்டது. இரண்டு ஜோடி இரட்டையரும் கூட ஒரு பையனும் சேர்ந்த குழு, அதனால்தான் அந்தப் பெயர். இந்த வகையில் தரம் நன்றாக இருக்கும், பிரதிகளும் ஓரளவு கிடைக்கும்.

படி 3: பெயரை நம்பாதீர்கள்

புதிதாக வருபவர்கள் ‘லிட்டில்’, ‘ஜூனியர்’, ‘யங்’, ‘சில்ட்ரன்’ என்று தேடு பெட்டியில் அடித்துப் பார்ப்பார்கள். வலையில் விழுவதெல்லாம் பெரிய ஆட்கள். லிட்டில் மில்டன் வளர்ந்த ப்ளூஸ் பாடகர். ஜூனியர் வாக்கர் மோடவுன் நிறுவனத்தின் சாக்ஸபோன் வாத்தியக்காரர். ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் சோல் சில்ட்ரன் இரண்டு ஆண்களும் இரண்டு பெண்களும், நால்வருமே பெரியவர்கள். யங்-ஹோல்ட் அன்லிமிட்டடில் உள்ள ‘யங்’ ஒரு மனிதரின் குடும்பப்பெயர்!

இன்னொரு பக்கம், பிரைட்டர் சைட் ஆஃப் டார்க்னஸ் என்ற பெயரைப் பார்த்து யாராவது குழந்தையை நினைப்பார்களா? 1973 தொடக்கத்தில் ‘லவ் ஜோன்ஸ்’ பாட்டில் உருகிய டாரில் லமான்ட்டுக்கு வயது 12. டாரோ ஃபிளெட்சர் என்ற பெயரிலும் வயது தெரியாது. பள்ளிப் பையனாக இருந்தபோது சிகாகோவில் அவர் பாடிய தட்டை வட இங்கிலாந்தின் நடன அரங்குகள் பிறகு தூக்கிக் கொண்டாடின.

குழுவின் பெயரைவிடப் பாட்டின் தலைப்பு நம்பகமானது. பள்ளி, வகுப்பறை, அம்மா, மிட்டாய், ‘நான் இன்னும் சின்னப் பையன்’ போன்ற சொற்கள் தலைப்பில் வந்தால் ஒருமுறை கேட்டுப் பார்த்துவிடுங்கள். அதைவிடப் பெரிய துப்பு, தலைப்புக்குக் கீழே பாட்டு எழுதியவர்களைக் காட்டும் அடைப்புக்குறிக்குள் ஒரே குடும்பப்பெயரில் மூன்று நான்கு பேர்.

படி 4: நடுக்காகிதத்தையும் டெட் வாக்ஸையும் படியுங்கள்

இந்த வேலையின் உயிர்நாடி இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

45 என்பது நிமிடத்துக்கு 45 சுற்று சுழலும் சிறிய தட்டு, நடுக்காகிதம் என்பது அதன் நடுவில் ஒட்டிய வட்டக் காகிதம். சின்ன ஊர் 45 தட்டின் நடுக்காகிதத்தில் ஏழெட்டு வரிதான் இருக்கும். பாட்டு, பாடியவர், எழுதியவர், பதிப்பகம், தயாரிப்பாளர், ஒரு எண், சில சமயம் முகவரி. குழுவின் பெயர் கண்ணைப் பறிக்கும் பெரிய எழுத்தில் இருக்கும். அதை விட்டுவிட்டு, எழுதியவர் வரியைப் பாருங்கள். அங்கே ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். அவர் பெயரை, பாட்டு எழுதியவர்களுக்கு உரிமைத்தொகை வசூலிக்கும் பிஎம்ஐ அமைப்பின் இணையத் தேடலில் போட்டால், அவர் பதிவு செய்த மற்ற பாட்டுகளின் பட்டியல் கிடைக்கும். அதில் நீங்கள் கேள்விப்படாத தலைப்பு ஒன்று இருந்தால் அதே பிள்ளைகளின் இன்னொரு தட்டாக இருக்க வாய்ப்பு உண்டு.

அடுத்து, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் பழைய பட்டியல்கள். 1977 வரையிலான அச்சுத் தொகுதிகள் ஸ்கேன் செய்யப்பட்டு இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாகக் கிடைக்கின்றன. பாட்டின் பெயர், எழுதியவர், உரிமையாளர், தேதி எல்லாம் இருக்கும். எண்ணுக்கு முன்னால் ‘இ யு’ (EU) என்று இருந்தால் அச்சில் வராத பாட்டாகப் பதிவானது, ‘இ பி’ (EP) என்றால் வெளியிடப்பட்டது. வீட்டிலேயே பாட்டு எழுதிய அப்பாக்கள் பெரும்பாலும் முதல் வகையில்தான் பதிவு செய்தார்கள்.

இப்போது தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். பாட்டின் வரிகள் முடிந்து காகிதம் தொடங்கும் முன்னால் வழவழப்பான வளையம் ஒன்று இருக்கிறதே, அதுதான் டெட் வாக்ஸ். அதில் கீறியோ முத்திரை குத்தியோ வைத்திருக்கும் எழுத்துகள் தொழிற்சாலையின் கைரேகை. சிறிய முக்கோணமும் பக்கத்தில் ஒரு எண்ணும் இருந்தால் அது லாஸ் ஏஞ்சலஸின் மோனார்க் ஆலை. அந்த எண்கள் தேதி வரிசையில் போகும், ஆகவே மாதம் வரை கணிக்கலாம். ஆர்சிஏ நிறுவனம் வெளியாருக்கு அச்சடித்துக் கொடுத்த தட்டுகளில் எண்ணின் முதல் எழுத்து ஆண்டைச் சொல்லும்: எஸ் (S) என்றால் 1965, டி (T) 1966, யு (U) 1967, டபிள்யூ (W) 1968. சின்சினாட்டியின் ரைட் ஆலையும் வரிசை எண் போட்டது. ஆர்வலர்கள் அதற்கு ஆண்டு அட்டவணையே தயாரித்து வைத்திருக்கிறார்கள்.

முகவரியும் பேசும். ஐந்து இலக்க ஜிப் கோடு 1963-ல்தான் வந்தது. அமெரிக்கத் தட்டில் வட்டத்துக்குள் ‘பி’ (P) எழுத்து இருந்தால் பெரும்பாலும் 1972-க்குப் பிந்தையது, ஏனென்றால் ஒலிப்பதிவுக்கென்று கூட்டரசுப் பதிப்புரிமை அந்த ஆண்டு பிப்ரவரி 15-ல்தான் தொடங்கியது.

ஒரு பொறி இருக்கிறது. செஞ்சுரி என்ற லேபிளில் வந்த பள்ளித் தட்டுகளில் கலிஃபோர்னியாவின் சாகஸ் முகவரி இருக்கும். அதைப் பார்த்துப் பிள்ளைகள் கலிஃபோர்னியாக்காரர்கள் என்று முடிவு கட்டாதீர்கள். செஞ்சுரி நாடு முழுக்க முகவர்களை வைத்துப் பள்ளி, தேவாலய நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து, சாகஸில் அச்சடித்துக் கொடுத்த கம்பெனி. நியூயார்க் மாநிலத்தின் கிளாரன்ஸ் ஊரில் இருந்த மார்க் கம்பெனியும் இதே தொழில்தான். முகவரி ஆலையுடையது, குழந்தைகளுடையது அல்ல.

எல்லாவற்றையும் ஒரே தட்டில் பார்க்க வேண்டும் என்றால் ஜாக்சன் 5-இன் முதல் சிங்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். கேரி ஊரின் ஸ்டீல்டவுன் லேபிள், எண் 681, ‘பிக் பாய்’, பின்பக்கம் ‘யூ’வ் சேஞ்ஜ்டு’. கார்டன் கீத் என்பவர் 1967 நவம்பரில் சிகாகோ ஸ்டூடியோவில் பதிவு செய்து, 1968 ஜனவரி கடைசியில் வெளியிட்டார். உள்ளூரில் நன்றாகப் போனதும் அட்கோ நிறுவனம் விநியோகத்தை எடுத்துக்கொண்டது. ஆகவே அதே எண், அதே பாட்டு, ஆனால் நடுக்காகிதத்தில் அட்கோவின் பெயர் உள்ள பிரதி இரண்டாம் கட்டம். அந்த ஒரு வரியில் விலை மாறிவிடும். இதோடு முடியவில்லை. 2009-ல் சிகாகோ ரீடர் வார இதழ் இன்னொரு செய்தியை வெளியே கொண்டுவந்தது: அந்தப் பையன்கள் 1967 ஜூலையிலேயே சிகாகோவின் ஒன்-டர்ஃபுல் நிறுவனத்தில் இதே பாட்டைப் பாடிப் பதிவு செய்திருந்தார்கள்! உலகமே ஆராய்ந்த ஒரு குழுவின் முதல் பதிவு நாற்பது வருடம் கண்ணில் படாமல் கிடந்திருக்கிறது. அப்படியென்றால் ஓக்லஹோமாவிலும் ஓஹையோவிலும் இன்னும் என்னவெல்லாம் கிடக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

படி 5: எங்கே, எப்படித் தேடுவது

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு வழி நேரானது. பழைய பொருள் தானக் கடைகள், வீட்டைக் காலி செய்யும் விற்பனைகள், தேவாலயச் சந்தைகள். மற்றவர்களுக்கு இசைத்தட்டுகளுக்கான இணையதளமான டிஸ்காக்ஸும் ஏலத் தளமான ஈபேயும்தான் சந்தை.

டிஸ்காக்ஸில் ஒவ்வொரு தட்டின் பக்கத்திலும் விற்றவற்றில் குறைந்த, நடு, உயர்ந்த விலை தெரியும். வேண்டிய தட்டை ‘வான்ட்லிஸ்ட்’டில் போட்டு வைத்தால், யாராவது விற்பனைக்கு வைக்கும்போது மின்னஞ்சல் வரும். ஆனால் டிஸ்காக்ஸில் ஏற்கெனவே பக்கம் இருக்கும் தட்டு, பலருக்குத் தெரிந்த தட்டு. உண்மையான வேட்டை ஈபேயில்தான், அதுவும் விற்பவருக்கே தன்னிடம் இருப்பது என்னவென்று தெரியாத இடங்களில்.

எனவே ‘கிட் ஃபங்க்’ என்று தேடாதீர்கள். அப்படி எழுதியவருக்கு விலையும் தெரியும். ‘ஹை ஸ்கூல் ஸ்டேஜ் பேண்ட்’, ‘ஜூனியர் ஹை’, ‘யூத் கொயர்’ என்று தேடி, ஆண்டை 1968-க்கும் 1977-க்கும் இடையில் வையுங்கள். பள்ளி எல்பியாக இருந்தால் பின்னட்டைப் புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பாட்டுப் பட்டியலைப் படியுங்கள். மார்ச், கிறிஸ்துமஸ் பாட்டு, சினிமா மெட்டு என்று போய்க்கொண்டே இருக்கும். நடுவில் ஐசக் ஹேய்ஸின் ‘ஷாஃப்ட்’ மெட்டோ ஜேம்ஸ் பிரவுன் பாட்டோ இருந்தால் நின்று பாருங்கள். அதைவிட நல்ல அறிகுறி, யாரும் கேள்விப்படாத ஒரு தலைப்பும் பக்கத்தில் ஆசிரியரின் பெயரும். அது அவர் சொந்தமாக எழுதியது. புகைப்படத்தில் காங்கா டிரம்ஸும் வா-வா பெடலும் தெரிகிறதா என்றும் பாருங்கள். இப்படித் தேடினால் பத்தில் ஒன்பது எல்பி உறக்கம் வரவைக்கும் வாத்திய மேளம்தான். அந்த ஒன்றுக்காகத்தான் இத்தனை பாடும்.

எழுத்துப் பிழைகளோடும் தேடுங்கள். ‘சைக்கோடெலிக்’ என்று அட்டையிலேயே தவறாக அச்சடித்தவர்கள் உண்டு என்றால், விற்பவர்கள் என்ன செய்வார்கள்!

குழுவைப் பற்றித் தகவல் வேண்டுமென்றால் பில்போர்டு வார இதழின் பழைய இதழ்கள் இணையத்தில் முழுதாகக் கிடைக்கின்றன. கறுப்பின வாசகர்களுக்கான ஜெட் வார இதழ் கூகுள் புக்ஸில் இருக்கிறது. பள்ளி ஆண்டு மலர்கள் பலவும் இன்டர்நெட் ஆர்க்கைவில் உண்டு. பேண்ட் பக்கத்தில் மாணவர் பெயர்களோடு புகைப்படமே கிடைக்கலாம்.

படி 6: வாங்கும் முன் கேட்க வேண்டியவை

தர வரிசையில் நியர் மின்ட் (புதிது போல), விஜி ப்ளஸ், விஜி (வெரி குட்), குட் என்று இறங்கும். பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. ‘குட்’ என்றால் உண்மையில் மோசம். கோல்ட்மைன் இதழின் பொது வழக்கப்படி விஜி ப்ளஸ் தட்டு நியர் மின்ட் விலையில் ஏறக்குறைய பாதிக்கும், விஜி கால்வாசிக்கும் போகும். ஆனால் உலகிலேயே சில பிரதிகள் மட்டும் தெரிந்த தட்டுக்கு இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. பாட்டு தடங்கல் இல்லாமல் ஓடினால் போதும் என்று வாங்குபவர்கள் உண்டு. கறையோ பேனா எழுத்தோ எனக்கும் பொருட்டில்லை. குழந்தை தன் பெயரைத் தானே நடுக்காகிதத்தில் கிறுக்கி வைத்திருந்தால் எனக்கு அது கூடுதல் மகிழ்ச்சிதான்.

விற்பவரிடம் மூன்று கேள்வி போதும். தட்டு வினைலா ஸ்டைரீனா? கண்ணால் பார்த்துத் தரம் சொன்னீர்களா, ஓடவிட்டுக் கேட்டீர்களா? டெட் வாக்ஸ் எழுத்துகளின் புகைப்படம் அனுப்ப முடியுமா?

ஸ்டைரீன் கேள்வி ஏன் முக்கியம் என்றால், அமெரிக்க 45 தட்டுகளில் கணிசமானவை வினைலில் அல்ல, அச்சில் ஊற்றி வார்த்த கடினமான ஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் செய்தவை. எடை குறைவு, வளையாது, விளிம்பு தட்டையாக இருக்கும். தேய்ந்த ஊசியோ கனமான ஊசியோ பட்டால் வரிகள் அரிக்கப்பட்டு, பாட்டுக்குப் பின்னால் தொடர்ச்சியாக ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் வரும். கண்ணுக்குப் பளபளவென்று இருக்கும், காதுக்கு மணலை அள்ளிக் கொட்டியதுபோல் இருக்கும். குழந்தைகளின் உச்சக் குரலும் ‘ச’ ஒலிகளும் அந்த அரிப்பில் முதலில் கெடும். ஸ்டைரீன் என்றால் ஓடவிட்டு எடுத்த ஒலித்துணுக்கைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

இந்தியாவிலிருந்து வாங்குபவர்கள் அஞ்சல் செலவையும் சுங்கத்தையும் தட்டின் விலையோடு கூட்டிப் பார்த்துவிட்டு ஏலத்தில் கை வையுங்கள். மலிவான 45-க்குத் தட்டைவிடப் பயணச் செலவு அதிகமாகும். ஒரே விற்பவரிடம் நான்கைந்தாகச் சேர்த்து வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

படி 7: விலையும் போலியும்

பாப்சைக் தளத்தில் பழைய ஈபே ஏலங்களின் முடிவுகள் படத்தோடு இருக்கும். கடைசியாகப் போன ஒரு பெரிய விலையை மட்டும் பார்த்து மிரளாதீர்கள். அன்று இரண்டு பேர் முட்டிக்கொண்டிருப்பார்கள். அதே தட்டு அடுத்த முறை பாதிக்குப் போகும். இன்னொன்று: மறுவெளியீடு வந்தால் அசலின் விலை இறங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பாட்டு பலர் காதுக்குப் போய்ச் சேர்ந்து, அசலைத் தேடுபவர்கள் கூடிவிடுவதும் நடக்கிறது.

மறுபதிப்புகளில் நேர்மையானவை, போலியானவை என்று இரண்டும் உண்டு. நேர்மையானது தன் கம்பெனி பெயரையும் புதிய ஆண்டையும் காட்டிக்கொள்ளும். போலி அசலின் நடுக்காகிதத்தை அப்படியே படமெடுத்து ஒட்டியிருக்கும். ‘பிக் பாய்’ போன்ற புகழ்பெற்ற தட்டுக்கு மறுபதிப்புகள் இருக்கின்றன என்பதை நினைவில் வையுங்கள். எழுத்துகளின் ஓரம் மங்கலாக, புள்ளி புள்ளியாக இருந்தால் சந்தேகப்படுங்கள். டெட் வாக்ஸ் எழுத்து டிஸ்காக்ஸில் உள்ள உறுதிசெய்யப்பட்ட பிரதியோடு பொருந்தாவிட்டால் வாங்காதீர்கள். அசல் ஸ்டைரீனில் வந்ததாகத் தெரிந்த தட்டு வினைலில் வந்து நின்றாலும் அப்படியே.

படி 8: கழுவுவதும் ஓட்டுவதும்

அமெரிக்க 45-களின் நடுத்துளை பெரியது, ஒன்றரை அங்குலம். நம் ஊர்ப் பழைய பட ஈபி தட்டுகளின் துளை பெரும்பாலும் சிறியது என்பதால், வீட்டு டர்ன்டேபிளில் அடாப்டர் இல்லாமல் இருக்கலாம். மலிவான பொருள்தான், முதலிலேயே வாங்கி வையுங்கள்.

கழுவ வடிகட்டிய நீர், ஒரு சொட்டு மணமில்லாத சோப்பு, மென்மையான துணி போதும். வரியின் போக்கிலேயே துடையுங்கள். நடுக்காகிதம் நனையக் கூடாது. ஸ்டைரீனில் ஆல்கஹால் கலந்த திரவம் வேண்டாம். பழைய 45-களில் பெரும்பாலானவை மோனோ. ஆம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தான் இருந்தால் அமுக்குங்கள், இரைச்சல் பளிச்சென்று குறையும். டிஜே-க்கள் செய்வதுபோல் ஸ்டைரீன் தட்டை முன்னும் பின்னும் சுழற்றினால் அந்த இடத்தில் அரிப்பு விழும், திரும்பச் சரியாகாது. முதல் முறை நன்றாக ஓடும்போதே கணினியில் பதிவு செய்து வைத்துக்கொண்டு, அதன்பின் அந்தப் பதிவையே கேளுங்கள்.

படி 9: பகிர்வதற்கு முன்

யாரிடமும் இல்லாத தட்டு கிடைத்தால் இணையத்தில் ஏற்றக் கை பரபரக்கும். சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள். 2018-ல் வந்த அமெரிக்கச் சட்டத்தின்படி 1957 முதல் 1972 பிப்ரவரி 14 வரை வெளியான ஒலிப்பதிவுகளுக்கு 2067 பிப்ரவரி 15 வரை பாதுகாப்பு உண்டு. “பழசு, யாருடையதுமில்லை” என்ற பேச்சு இங்கே எடுபடாது.

உரிமை யாருடையது என்பதுதான் சிக்கல். பாடியவர் அப்போது மைனர். கையெழுத்துப் போட்டது பெரியவர். காசு வந்திருந்தால் அதுவும் பெரியவரிடம் போயிருக்கும். பொண்டரோசா ட்வின்ஸின் ‘பவுண்ட்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2013-ல் ராப் பாடகர் கான்யே வெஸ்ட் அதன் துண்டைத் தன் ‘பவுண்ட் 2’-ல் வைத்தார். சிறுவனாக அதைப் பாடிய ரிக்கி ஸ்பைசர், தன் குரலை அனுமதியும் ஊதியமும் இல்லாமல் பயன்படுத்தினார்கள் என்று அதே ஆண்டு டிசம்பரில் வழக்குப் போட்டார். வழக்கு பிறகு சமரசத்தில் முடிந்தது. 2019-ல் ‘டைலர், தி கிரியேட்டர்’ என்ற ராப் பாடகரும் அதே பாட்டிலிருந்து எடுத்தார். ஒரு பையன் சில நிமிடம் பாடியது ஐம்பது ஆண்டாகச் சம்பாதித்துக்கொண்டே இருக்கிறது, யாருக்கோ.

அந்தப் பிள்ளைகள் இப்போது அறுபதைத் தொட்டும் தாண்டியும் இருப்பவர்கள். சிலருக்கு அந்த நாட்கள் பெருமை. சிலருக்கு ஒத்திகை என்ற பெயரில் வாங்கிய அடிதான் ஞாபகம் இருக்கும். யாரையாவது கண்டுபிடித்து எழுதினால் முதல் கடிதத்திலேயே “உங்களிடம் மீதித் தட்டு இருக்கிறதா, விலை என்ன” என்று ஆரம்பிக்காதீர்கள். தட்டு உங்களிடம் எப்படி வந்தது என்று சொல்லுங்கள், பாட்டின் டிஜிட்டல் பிரதியை அனுப்புங்கள். தங்கள் தட்டு ஒன்றுகூடத் தங்களிடம் இல்லாத பாடகர்கள் நிறையப் பேர். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

பதில் வந்தால் கேட்க வேண்டிய முதல் கேள்வி: டிரம்ஸ் வாசித்தது யார்? நடுக்காகிதத்தில் அந்தப் பெயர் பெரும்பாலும் இருக்காது. அவர்கள் சொல்லும் பெயர்களை, அவர்கள் சம்மதித்தால், டிஸ்காக்ஸ் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.